தன் வீட்டு வேலைக்குத் தன் ஆள்: புளோரிடாவின் டெவலப்பர் ஆளுகைக் குடியிருப்புகளில் ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

அமெரிக்காவில் புதிய புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்குபவரைக் கிரயப் பத்திரத்தோடு இன்னோர் ஆவணமும் கட்டுப்படுத்துகிறது. முதல் வீடு எழும்புவதற்கு முன்பே டெவலப்பர் எழுதி, கவுண்டிப் பதிவேட்டில் ஏற்றிவிட்ட சாசனம் அது. மனை எத்தனை கை மாறினாலும் அது நிலத்தோடு சேர்ந்தே போகும். சுவருக்கு என்ன நிறம், வேலி எத்தனை அடி, புல்லை யார் வெட்டுவது, உள்சாலையை யார் பழுதுபார்ப்பது, அதற்கெல்லாம் மாதம் எவ்வளவு கட்டுவது என்று அது சொல்லும். அதை நடைமுறைப்படுத்த வீட்டு உரிமையாளர் சங்கம் ஒன்று இருக்கும். மனையை வாங்கிய கணமே வாங்கியவர் அதன் உறுப்பினராகிவிடுகிறார். சேராமல் இருக்க வழியில்லை. அடுக்ககச் சங்கங்களையும் சேர்த்து, 1970-ல் இத்தகைய சங்கங்கள் நாடு முழுவதும் பத்தாயிரம் அளவில் இருந்தன. இன்று மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் அவற்றின் ஆளுகையில் வாழ்கிறார்கள்.

சங்கத்தின் பெயரில் உரிமையாளர்கள் இருந்தாலும், தொடக்க ஆண்டுகளில் அது டெவலப்பரின் கையில்தான் இருக்கும். விற்ற மனைக்கு ஒரு வாக்கு, விற்காத மனைக்கு மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட வாக்கு என்று சாசனம் வகுத்திருப்பது வழக்கம். இயக்குநர் குழுவில் டெவலப்பரின் ஊழியர்களே பெரும்பாலும் அமர்வார்கள். இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் குடிவந்த ஐம்பது குடும்பங்கள் ஒன்றுகூடி, இன்னும் கட்டப்படாத ஐந்நூறு வீடுகளின் திட்டத்தை முடக்கிவிடக் கூடாது. விற்க வேண்டிய மனைகளின் மதிப்பு தெருவின் தோற்றத்தைப் பொறுத்தது. முதலீடு முழுதும் டெவலப்பருடையது. ஆனால் இதே அதிகாரம்தான் நிர்வாக நிறுவனம், தோட்ட வேலை, காவல், கேபிள் இணைப்பு ஆகியவற்றைத் தன் துணை நிறுவனங்களுக்கோ வேண்டியவர்களுக்கோ நீண்டகால ஒப்பந்தமாகக் கொடுத்துவிடவும் அவருக்கு வழிசெய்கிறது. கையெழுத்திடுவது அவர், பணம் கட்டப்போவது பிறகு வருபவர்கள்.

ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மூன்று இடங்களில் சோதனைக்கு உள்ளாகிறது: காலி மனையில் வீட்டைக் கட்டுவது யார், கட்டிய வீட்டுக்குள் வேலை செய்வது யார், பொதுச் சொத்தைப் பராமரிப்பது யார். மூன்றுக்கும் சட்டம் வெவ்வேறு விடை தருகிறது. இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்து விடை சொன்ன மாநிலங்களில் புளோரிடா முக்கியமானது. ஓய்வுபெற்றோர் திரளாகக் குடியேறும் மாநிலம் அது. ஒவ்வொரு புயல் பருவத்துக்கும் பிறகு கூரைக்காரர், கண்ணாடிக்காரர், மரம் வெட்டுபவர் தேவைப்படும் இடமும் கூட. ஆகவே இக்கட்டுரை புளோரிடாவை மையமாகக் கொண்டு, கூட்டாட்சிச் சட்டத்தையும் பிற மாநிலச் சட்டங்களையும் தேவையான இடத்தில் சேர்த்துப் பார்க்கிறது.

காலி மனை

வாங்குபவரின் கை மிகவும் கட்டுண்டிருப்பது இங்கேதான். மனையை விற்கும் டெவலப்பர், அதில் வீடு கட்டும் வேலையைத் தானே செய்வதாகவோ, தன் பட்டியலில் உள்ள நாலைந்து கட்டுநர்களில் ஒருவரிடமே தர வேண்டும் என்றோ விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். பட்டியலில் இடம்பெறுவதற்காகக் கட்டுநர்கள் டெவலப்பருக்குக் கட்டணம் செலுத்தும் வழக்கமும் உண்டு. அந்தத் தொகை கடைசியில் வீட்டு விலையில்தான் ஏறும்.

இதை எதிர்ப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது ஏகபோகத் தடுப்புச் சட்டத்தை. ஒரு பொருளை விற்பதற்கு இன்னொரு பொருளையும் தன்னிடமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடும் பிணைப்பு விற்பனையை 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தின் கீழ் நீதிமன்றங்கள் தடுத்துவந்திருக்கின்றன. இதன் தலையாய வழக்குகளில் ஒன்று நிலத்தைப் பற்றியதே. நார்தர்ன் பசிபிக் ரயில்வே தன் நிலங்களை விற்கும்போதும் குத்தகைக்கு விடும்போதும், அங்கே விளையும் பொருள்களைத் தன் ரயிலிலேயே அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1958-ல் அது சட்டவிரோதம் என்றது.

ஆனால் அந்த ரயில்வேயிடம் லட்சக்கணக்கான ஏக்கர் இருந்தது. ஒரு புறநகர் டெவலப்பரிடம் அந்தக் கவுண்டியின் மனைகளில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். 1984-ல் ஜெபர்சன் பாரிஷ் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைக் கறாராக வைத்தது. மயக்க மருந்துப் பணியை ஒரே நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகக் கொடுத்திருந்த அந்த மருத்துவமனைக்கு வட்டார நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேர் சென்றார்கள். சந்தையை வளைக்கும் வலிமைக்கு அது போதாது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. அந்த அளவுகோலின்படி, பக்கத்துக் குடியிருப்பில் வேறு மனை கிடைக்கும் வரை, மனையோடு கட்டுநரைப் பிணைக்கும் டெவலப்பரை வீழ்த்துவது கடினம். ஒவ்வொரு மனையும் தனித்தன்மை உடையது என்ற பழைய நிலச் சட்டக் கருத்து இங்கே உதவுவதில்லை. எனவே இந்தப் பகுதியில் வாங்குபவரின் உண்மையான பாதுகாப்பு கையெழுத்துக்கு முன்புதான் இருக்கிறது. விலை பேசும்போது கட்டுநர் நிபந்தனையை நீக்கச் சொல்லலாம், முடியாவிட்டால் விலகிவிடலாம். பத்திரம் பதிவான பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

வீட்டுக்குள்ளே

வீடு கட்டி முடிந்து சாவி கைக்கு வந்த பிறகு நிலைமை மாறுகிறது. மாற வேண்டும் என்பதே நியாயமும். சமையலறையைப் புதுப்பிக்கவும், தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யவும், கூரை ஓடு மாற்றவும் யாரை அழைப்பது என்பது சொத்துரிமையின் மிகச் சாதாரணமான பயன்பாடு. இருந்தும் பல குடியிருப்புகளில் வாசல் காவலர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் பெயர் இல்லாத குழாய்க்காரரைத் திருப்பி அனுப்பிய நிலை இருந்தது.

இத்தகைய கட்டுப்பாடு செல்லுமா என்பதற்கு 2024 வரை நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்தே விடை தேட வேண்டியிருந்தது. ஹிடன் ஹார்பர் எஸ்டேட்ஸ் எதிர் பாசோ என்ற 1981-ஆம் ஆண்டு வழக்கில் புளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டுப்பாடுகளை இரண்டு வகையாகப் பிரித்தது. சாசனத்திலேயே எழுதப்பட்ட கட்டுப்பாட்டைத் தெரிந்துதான் ஒருவர் வாங்கினார். ஆகவே அது செல்லும் என்ற வலுவான அனுமானம் உண்டு, சற்று நியாயமற்றதாக இருந்தாலும் கூட. இயக்குநர் குழு பிறகு போட்ட விதியானால் அது நியாயமானது என்று காட்டியாக வேண்டும். கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் 1994-ல் நார்ஸ்டெட் வழக்கில் பதிவுசெய்யப்பட்ட சாசனத்துக்கு இதேபோன்ற மதிப்பை அளித்தது. இதன் நடைமுறை விளைவு பெரிது. ஒப்பந்ததாரர் பட்டியல் சாசனத்தில் இருந்தால் உரிமையாளர் தோற்பார். குழுவின் தீர்மானத்தில் மட்டும் இருந்தால் வெல்ல வாய்ப்புண்டு. சாசனத்தை எழுதுபவர் டெவலப்பர் என்பதால் இந்த விதி யாருக்குச் சாதகம் என்பது வெளிப்படை.

புளோரிடா சட்டமன்றம் இதை 2024-ல் நேராகத் திருத்தியது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கான 720-ஆவது அத்தியாயத்தில் ஒரு விதியைச் சேர்த்தது. சங்கத்தின் விருப்பப் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, ஓர் உரிமையாளர் ஒப்பந்ததாரரையோ தொழிலாளியையோ தன் மனைக்கு அழைப்பதையும் அமர்த்துவதையும் உள்ளே விடுவதையும் சங்க ஆவணங்கள் தடுக்கக் கூடாது. தொழில் உரிமம் இல்லை என்ற காரணத்துக்காகவும் தடுக்கக் கூடாது. உள்ளே வர உரிமத்தைக் காட்டச் சொல்லவும் கூடாது. ஆவணங்கள் என்ற சொல் சாசனத்தையும் உள்ளடக்கும் என்பதால், பாசோ வழக்கின் பாகுபாடு இந்த ஒரு விஷயத்தில் பெருமளவு பயனற்றுப்போனது. சங்கம் டெவலப்பர் கையில் இருக்கும் காலத்துக்குத் தனி விலக்கும் இதில் எழுதப்படவில்லை.

இந்த விதியின் சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். பட்டியலில் இல்லாதது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்கிறது அது. வேலை நேரம், சத்தம், குப்பைத் தொட்டி வைக்கும் இடம், சாலைச் சேதத்துக்கான பொறுப்பு போன்ற எல்லோருக்கும் பொதுவான விதிகளைச் சங்கம் தொடர்ந்து கேட்கலாம். பட்டியலே வைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்லவில்லை. பரிந்துரையாக அது இருக்கலாம்.

உரிமம் பற்றிய பகுதி இன்னும் கூர்ந்த கவனத்துக்கு உரியது. உரிமத்தைச் சரிபார்க்கும் அதிகாரம் சங்கத்திடமிருந்து எடுக்கப்பட்டதே தவிர, உரிமம் இல்லாமல் கட்டுமான வேலை செய்வது சட்டப்படியானதாக ஆகிவிடவில்லை. புளோரிடாவில் 489-ஆவது அத்தியாயத்தின் கீழ் உரிமமின்றி ஒப்பந்த வேலை எடுப்பது குற்றம். ஆளுநர் அவசரநிலை அறிவித்த காலத்தில், அதாவது புயலுக்குப் பிந்தைய வாரங்களில், அது இன்னும் கடுமையான தண்டனைக்குரிய பெருங்குற்றமாக உயர்கிறது. உரிமமற்ற ஒப்பந்ததாரர் தன் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கோரவும் முடியாது. ஆனால் உரிமையாளர் முன்பணத்தை இழந்த பிறகு இதெல்லாம் சிறிய ஆறுதல்தான். சரிபார்க்கும் வேலை இப்போது முழுவதும் உரிமையாளரின் தோளில் இருக்கிறது. மாநில உரிமத் துறையின் பதிவில் ஒப்பந்ததாரரின் பெயரைத் தேடிப் பார்ப்பது இதன் முதல் படி. வேலை தொடங்கும் அறிவிப்பைக் கவுண்டியில் பதிவுசெய்வது அடுத்தது. 713-ஆவது அத்தியாயத்தின்படி, முதன்மை ஒப்பந்ததாரர் தன் கீழ் வேலை செய்தவருக்கோ பொருள் கொடுத்தவருக்கோ பணம் தராமல் விட்டால், பணம் கிடைக்காதவர் உரிமையாளரின் வீட்டின் மீதே பற்றுரிமை பதியலாம். உரிமையாளர் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்டும் நிலை அப்படித்தான் வருகிறது.

யார் வேலை செய்வது என்ற கேள்வியோடு எந்த வேலைக்கு அனுமதி என்ற கேள்வியும் ஒட்டியிருக்கிறது. வடிவமைப்புக் குழு எனப்படும் துணைக்குழு, வெளித்தோற்றத்தை மாற்றும் எந்த வேலைக்கும் முன் ஒப்புதல் கேட்கும். ஒப்பந்ததாரரைத் தடுக்க முடியாத சங்கம், அவருடைய வரைபடத்தை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டுவிடலாம். இந்தப் பின்கதவையும் 2024 சட்டம் ஓரளவு அடைத்தது. முன்பக்கத்திலிருந்தோ பக்கத்து மனையிலிருந்தோ பொது இடத்திலிருந்தோ கோல்ஃப் மைதானத்திலிருந்தோ கண்ணுக்குத் தெரியாத உள்வேலைகளுக்குச் சங்கம் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது. அப்படி மறைவாக வைக்கப்பட்டு, சங்கம் ஏற்கெனவே ஏற்ற வகையை ஒத்திருக்கும் குளிர்சாதனக் கருவிக்கு வரைபட ஒப்புதல் கேட்கக் கூடாது. விண்ணப்பத்தை மறுத்தால் எந்த விதியின் கீழ் மறுக்கப்படுகிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், புயல் தடுப்புச் சன்னல் மூடிகள், வலுவான கண்ணாடிகள் போன்றவற்றுக்குச் சங்கம் முன்கூட்டியே அளவுகோல் வகுக்க வேண்டும் என்றது. அதற்குப் பொருந்தும் விண்ணப்பத்தை மறுக்க முடியாது. கலிபோர்னியாவில் நியாயமான, தாமதமற்ற, எழுத்துபூர்வமான பரிசீலனை முறையைக் குடிமைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. டெக்சாஸ் 2021-ல், நாற்பதுக்கு மேற்பட்ட மனைகள் உள்ள சங்கங்களின் வடிவமைப்புக் குழுவில் இயக்குநர்கள் அமரக் கூடாது என்று தடுத்தது. டெவலப்பரின் வளர்ச்சிக் காலத்துக்கு மட்டும் அந்தத் தடை பொருந்தாது. உரிமையாளருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் ஆண்டுகளிலேயே அந்தப் பாதுகாப்பு விலக்கப்பட்டிருப்பது அச்சட்டத்தின் பெரிய குறை.

உத்தரவாதம் என்ற அச்சுறுத்தலும் உண்டு. வெளியாளை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று விற்பனையாளர்கள் சொல்வது பரவலானது. 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டம், நுகர்பொருள்களுக்கான எழுத்துபூர்வ உத்தரவாதத்தைக் குறிப்பிட்ட நிறுவனத்தின் உதிரிபாகம் அல்லது சேவையோடு பிணைப்பதைத் தடுக்கிறது. அவற்றை இலவசமாகத் தந்தாலொழிய அப்படிப் பிணைக்கக் கூடாது. தனித்து வாங்கி மாட்டப்படும் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றுக்கு இது உதவும். அடித்தளம், சுவர், கூரை போன்ற கட்டடப் பகுதிகள் அதன் வரம்பில் வருவதில்லை. அங்கே உத்தரவாதப் பத்திரத்தின் வாசகமே பேசும்.

இறுதியாக ஒரு பெரிய தடை. 1977-ல் காஃப்மன் எதிர் ஷெர் வழக்கில் மூன்றாம் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கையாண்ட ஒரு சொற்றொடர் புளோரிடாவில் இன்றும் ஆட்சிசெய்கிறது. இன்ன சட்டத்துக்கு, அது அவ்வப்போது திருத்தப்படுகிறபடி, இந்தக் குடியிருப்பு கட்டுப்படும் என்று சாசனம் சொல்லியிருந்தால் புதிய சட்டங்கள் அதற்குத் தானாகவே பொருந்தும். அப்படிச் சொல்லாத சாசனமானால், ஒப்பந்தத்தைச் சட்டத்தால் குலைக்கக் கூடாது என்ற மாநில அரசமைப்பு விதி குறுக்கே வரும். ஏற்கெனவே உள்ள ஒப்பந்த உரிமையைப் பாதிக்கும் புதிய சட்டம் அந்தக் குடியிருப்பைத் தொடாமல் போகலாம். ஆகவே 2024-ன் பாதுகாப்பு ஒரு பழைய குடியிருப்புக்கு எவ்வளவு எட்டும் என்பது, பல ஆண்டுகளுக்கு முன் டெவலப்பரின் வழக்கறிஞர் அந்த மூன்று நான்கு சொற்களைச் சேர்த்தாரா என்பதைப் பொறுத்திருக்கிறது. வாங்குபவர் சாசனத்தில் முதலில் தேட வேண்டிய வரி இதுவே.

பொதுச் சொத்து

சாலை, ஏரி, நீச்சல் குளம், வாயில், புல்வெளி ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களில் தனி உரிமையாளருக்கு நேரடித் தேர்வு இல்லை, சங்கமே தேர்ந்தெடுக்கிறது. சங்கம் டெவலப்பர் கையில் இருக்கும்போது கையெழுத்தான ஒப்பந்தத்தை, உரிமையாளர்கள் பொறுப்பேற்ற பிறகு கலைக்க முடியுமா என்பதே இங்கே உள்ள முழு வழக்கும்.

புளோரிடாவுக்கு இதில் கசப்பான வரலாறு உண்டு. 1960-களிலும் 1970-களிலும் மயாமி கடற்கரையோரம் எழுந்த காண்டோமினியம் அடுக்ககங்களில், நீச்சல் குளத்தையும் பொழுதுபோக்குக் கூடத்தையும் டெவலப்பர் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, சங்கத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். நிர்வாக ஒப்பந்தத்தையும் நீண்ட காலத்துக்குத் தன் நிறுவனத்துக்கே எழுதிக்கொண்டார். எதிர்த்தவர்களிடம் நீதிமன்றம், தெரிந்துதானே வாங்கினீர்கள் என்றது. 1973-ல் பாயின்ட் ஈஸ்ட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தகைய நிர்வாக ஒப்பந்தம் ஒன்றைக் கலைக்க விடவில்லை. 1977-ல் அவிலா சவுத் வழக்கில்தான் அந்த நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. சங்கத்தின் இயக்குநர்களாக இருந்துகொண்டே தமக்கு லாபமான ஒப்பந்தத்தைச் சங்கத்தின் மீது சுமத்திய டெவலப்பர்கள், சங்கத்துக்கு உரிய நம்பகக் கடமையை மீறியவர்களாகப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று அது ஏற்றுக்கொண்டது. இதற்கு முந்தைய ஆண்டே 718-ஆவது அத்தியாயமாகப் புதிய காண்டோமினியம் சட்டம் வந்திருந்தது.

1980-ல் அமெரிக்க நாடாளுமன்றமும் தலையிட்டது. வாடகைக் கட்டடங்களிலிருந்து மாற்றப்பட்ட காண்டோமினியம், கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் டெவலப்பர் தனக்கோ தன் துணை நிறுவனத்துக்கோ மூன்று ஆண்டுக்கு மேல் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களை, மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் உரிமையாளர்கள் அபராதமின்றி முடித்துக்கொள்ளலாம் என்றது அது இயற்றிய சட்டம். டெவலப்பரின் கட்டுப்பாடு முடிந்ததிலிருந்து, அல்லது அவரிடம் உள்ள வீடுகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்ததிலிருந்து, இரண்டு ஆண்டுக்குள் அந்த வாக்கெடுப்பு நடக்க வேண்டும். 1982-ல் வெளியான ஒருங்கிணைந்த மாதிரிச் சட்டமும், உரிமையாளர் குழு பொறுப்பேற்ற பிறகு 90 நாள் அறிவிப்பில் டெவலப்பர் காலத்து நிர்வாக ஒப்பந்தங்களை முடிக்க வழி வைத்தது. அந்த மாதிரியை ஏற்ற மாநிலங்கள் குறைவு, புளோரிடா ஏற்கவில்லை.

இங்கேதான் புளோரிடா சட்டத்தின் மிகக் கூர்மையான ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அடுக்ககத்தில் வாழ்பவருக்கு 718-ஆவது அத்தியாயம் இரண்டு பாதுகாப்பு தருகிறது. டெவலப்பர் காலத்துப் பராமரிப்பு, நிர்வாக ஒப்பந்தங்கள் நியாயமானவையாகவும் பொருத்தமானவையாகவும் இருக்க வேண்டும். தவிர, கட்டுப்பாடு கைமாறிய பிறகு டெவலப்பர் அல்லாத உரிமையாளர்களில் 75 சதவீத வாக்கு கிடைத்தால் அவற்றை ரத்து செய்துவிடலாம், காரணம் காட்ட வேண்டியதில்லை. தனி வீட்டில் வாழ்பவருக்கான 720-ஆவது அத்தியாயத்தில் முதல் பாதுகாப்பு மட்டும் இருக்கிறது, அதுவும் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டும். ஒன்பது ஆண்டுத் தோட்ட ஒப்பந்தம் ஒன்றைத் தனி வீட்டுக்காரர்கள் இந்தப் பிரிவால் தொட முடியாது. பத்து ஆண்டைத் தாண்டியதையும் வாக்கால் அல்ல, நியாயமற்றது என்று வழக்காடி நிரூபித்தே உடைக்க வேண்டும். அடுக்ககவாசி வாக்குப்பெட்டியில் முடிக்கும் காரியத்துக்குப் பக்கத்துத் தெரு வீட்டுக்காரர் வழக்கறிஞரை அமர்த்த வேண்டியிருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் காண முடியவில்லை. 1970-களின் ஊழல் அடுக்ககங்களில் நடந்தது. சட்டம் அங்கேயே நின்றுவிட்டது. மாநிலத்தின் புறநகர் வளர்ச்சி அதற்குப் பிறகு தனி வீட்டுக் குடியிருப்புகளுக்கு நகர்ந்தது.

தொலைத்தொடர்பு ஒப்பந்தங்களில் மட்டும் தனி வீட்டுக்காரர்களுக்கு எளிய வழி உண்டு. சங்கம் முழுவதற்குமாகக் கேபிள் அல்லது இணைய சேவையை மொத்தமாக வாங்கும் ஒப்பந்தத்தை, இயக்குநர் குழு போட்டதானால், அடுத்த பொதுக்கூட்டத்தில் வந்திருப்போரின் பெரும்பான்மை வாக்கால் ரத்து செய்யலாம். கூட்டாட்சித் தொடர்பு ஆணையமும் 2007-ல், குடியிருப்புகளில் ஒரே கேபிள் நிறுவனத்துக்கு மட்டும் இடம் என்ற ஏகபோக ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதற்கு முன்பே, 1996-ல், ஒரு மீட்டருக்கு மிகாத செயற்கைக்கோள் அலைவாங்கியை உரிமையாளர் தன் தனி இடத்தில் பொருத்துவதைத் தடுக்கக் கூடாது என்ற விதி வந்திருந்தது. சேவையாளர் தேர்வில் உரிமையாளர்கள் பெற்ற முழு வெற்றிகளில் இவை முக்கியமானவை. அங்கே எதிர்த்தரப்பில் போட்டி நிறுவனங்களும் பணபலத்தோடு நின்று போராடியது அதற்கு ஒரு காரணம். புல் வெட்டும் தொழிலில் அப்படி ஒரு போட்டி நிறுவனம் வாஷிங்டனுக்குப் போவதில்லை.

பொறுப்பேற்ற பிறகு சங்கம் தானே ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆண்டு வரவுசெலவில் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட வேலைக்குப் போட்டி விலைப்புள்ளி கேட்க வேண்டும். அடுக்ககங்களுக்கு இந்த வரம்பு 5 சதவீதம். மிகக் குறைந்த விலையை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. வழக்கறிஞர், கணக்காளர், பொறியாளர் ஆகியோரை அமர்த்துவதற்கும் அவசர வேலைக்கும் விலக்கு உண்டு.

சில பெரிய குடியிருப்புகளில் சாலையும் வடிகாலும் சங்கத்திடம் இராமல், 1980-ஆம் ஆண்டின் 190-ஆவது அத்தியாயத்தின் கீழ் அமைந்த சமூக மேம்பாட்டு மாவட்டம் என்ற சிறப்பு அரசு அமைப்பிடம் இருக்கும். தொடக்கத்தில் அதன் குழுவை நில அளவுக்கேற்ற வாக்கால் தேர்ந்தெடுப்பதால் டெவலப்பரே தீர்மானிக்கிறார். ஆறு ஆண்டு கழிந்து 250 வாக்காளர்கள் குடியேறிய பிறகுதான் பொதுவாகக் குடியிருப்பவர்களின் வாக்கு உள்ளே வருகிறது. ஆனாலும் அரசு அமைப்பு என்பதால் பெரிய வேலைகளுக்குப் பொது ஒப்பந்தப்புள்ளி விதியும், திறந்த கூட்டம், பொது ஆவணம் பற்றிய விதிகளும் அதற்குப் பொருந்தும்.

பொறுப்பு கைமாறும் நாள்

மேலே சொன்ன உரிமைகளில் பெரும்பாலானவை டெவலப்பர் விலகிய பிறகே உயிர்பெறுவதால், அந்த நாள் எப்போது வருகிறது என்பது முக்கியமாகிறது. புளோரிடாவில் மொத்த மனைகளில் 90 சதவீதம் உறுப்பினர்களுக்கு விற்றுப் பத்திரமான மூன்று மாதத்தில் குழுவின் பெரும்பான்மையை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கலாம். டெவலப்பர் கைவிட்டுப் போனாலும், சொத்தைக் கலைக்கும் வகைத் திவால் மனு போட்டாலும், அடமானத்தில் நிலத்தை இழந்தாலும் முன்னதாகவே கைமாறும். பாதி மனைகள் விற்றதும் உறுப்பினர்கள் குறைந்தது ஒரு இயக்குநரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த ஒருவரால் எந்த ஒப்பந்தத்தையும் தடுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தங்களைக் கண்ணால் பார்க்கவும் கூட்டக் குறிப்பில் எதிர்ப்பைப் பதிவுசெய்யவும் முடியும். பின்னால் நம்பகக் கடமை மீறல் வழக்கு வந்தால் அந்தக் குறிப்பு மதிப்புள்ளது.

இந்த 90 சதவீதக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. கணக்கு எல்லாக் கட்டங்களையும் சேர்த்தது என்பதால், புதிய கட்டம் ஒன்றைச் சேர்க்கச் சாசனம் இடம்கொடுத்தால் எல்லை தள்ளிப்போகும். விற்பனை மந்தமானாலும் அதே விளைவு. 2008-க்குப் பிந்தைய வீட்டுச் சந்தைச் சரிவில் பாதி கட்டப்பட்ட பல குடியிருப்புகள் ஆண்டுக்கணக்கில் அப்படி நின்றன.

கைமாறிய 90 நாளுக்குள் டெவலப்பர் சங்கத்தின் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும்: நடப்பில் உள்ள எல்லா ஒப்பந்தங்களின் நகல்கள், சங்கம் அமர்த்தியிருக்கும் ஒப்பந்ததாரர்களின் பெயர் முகவரிப் பட்டியல், காப்பீட்டுப் பத்திரங்கள், அனுமதிகள், உத்தரவாதங்கள், தணிக்கை செய்யப்பட்ட கணக்கு. புதிய குழு முதல் மாதத்தில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு ஒப்பந்தத்தின் முடிவு நாளையும் தானாகப் புதுப்பிக்கும் விதியையும் குறித்துவைப்பது. தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் மறுப்பறிவிப்பு நாளைத் தவறவிட்டால், வேண்டாத ஒப்பந்ததாரர் இன்னும் ஓராண்டு தங்கிவிடுவார்.

பழுதுகள்

கட்டிய நிறுவனத்தின் வேலையே பழுதாக இருக்கும்போது, அதைச் சரிசெய்ய அதே நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். 558-ஆவது அத்தியாயத்தின்படி, வழக்கு போடுவதற்கு 60 நாள் முன்பு கட்டுநருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட மனைகளின் சங்கமானால் 120 நாள். அவர் வந்து பார்க்கவும், தானே சரிசெய்வதாகவோ பணம் தருவதாகவோ முன்வரவும் இடம் தர வேண்டும். அவர் முன்வந்ததை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. மறுத்துவிட்டு வழக்கு தொடுக்கலாம். தான் நம்பும் ஒப்பந்ததாரரின் மதிப்பீட்டை நட்ட ஈடாகக் கேட்கலாம். அறிவிப்பு கொடுக்காமல், பார்க்க விடாமல், வேறு ஆளை வைத்துப் பழுதை மறைத்துவிடுவதுதான் உரிமையாளர்கள் செய்யும் பெரிய தவறு. ஆதாரமும் அதோடு போய்விடுகிறது.

வீட்டுக்கு வெளியே, சாலை, வடிகால் ஆகியவற்றின் பழுதுக்கும் கட்டுநரின் உட்கிடை உத்தரவாதம் பொருந்தும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2013-ல் மரோண்டா ஹோம்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே அந்த உரிமையைக் குறைக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் இயற்றிவிட்டதால், தீர்ப்பின் பயன் பெரும்பாலும் அதற்கு முற்பட்ட உரிமைகளோடு நின்றது. 2023-ல் மறைந்த பழுதுகளுக்கு வழக்கு தொடுக்கும் இறுதிக் காலவரம்பு 10 ஆண்டிலிருந்து 7 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. டெவலப்பரின் கட்டுப்பாடு ஆறு ஏழு ஆண்டு நீளும் குடியிருப்பில் இதன் பொருள் கடுமையானது. முதல் கட்டத்தின் சாலைகளும் வடிகால்களும் பழுதானவையா என்று சுயேச்சையான பொறியாளரை வைத்துப் பார்க்க வேண்டிய சங்கம், அந்த ஏழு ஆண்டும் பதில் சொல்ல வேண்டியவரின் கையிலேயே இருந்துவிடுகிறது.

உரிமையை நிலைநாட்டுதல்

சங்கம் சட்டத்தை மீறிப் பட்டியலைத் திணித்தால் உரிமையாளர் முதலில் செய்யக்கூடியது, 2024 விதியைச் சுட்டிப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுவதும், ஆவணங்களைப் பார்வையிடக் கோருவதும். சங்கம் அபராதம் விதிக்க விரும்பினால் 14 நாள் அறிவிப்பும், இயக்குநரோ அவர்களின் குடும்பத்தினரோ அல்லாத மூன்று பேர் கொண்ட குழுவின் முன் விசாரணையும் வேண்டும். அந்தக் குழு ஒப்பாவிட்டால் அபராதம் இல்லை. சாசனத்தில் வேறாகச் சொல்லாவிட்டால் அபராதம் மீறல் ஒன்றுக்கு 100 டாலர், தொடர் மீறலுக்கு மொத்தம் 1,000 டாலர் என்ற வரம்புக்குள் இருக்கும். மனையின் பயன்பாடு பற்றிய பூசல்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் முன் சமரசப் பேச்சுக்கு அழைப்பது கட்டாயம்.

அடுக்ககச் சங்கங்கள் மீது புகார் விசாரிக்க மாநிலத்தில் ஒரு துறை இருக்கிறது. தனி வீட்டுச் சங்கங்கள் மீது அதன் அதிகாரம் தேர்தல், இயக்குநரைத் திரும்ப அழைத்தல் போன்ற சிலவற்றோடு நின்றுவிடுகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் உரிமையாளர் தன் செலவில் நீதிமன்றம் போக வேண்டும். தோற்றவர் வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தையும் ஏற்க வேண்டும் என்பது 720-ஆவது அத்தியாயத்தின் விதி. சங்கத்தின் வழக்குச் செலவு எல்லா உறுப்பினர்களின் மாதக் கட்டணத்திலிருந்து போகிறது, எதிர்த்து நிற்பவரின் கட்டணம் உட்பட. முந்நூறு டாலர் குழாய் வேலைக்குத் தன் ஆளை அழைக்கும் உரிமைக்காக அந்த அபாயத்தை ஏற்பவர்கள் குறைவு. எனவே தனி வீட்டுச் சங்கங்களின் மீதும் அந்தத் துறைக்கு முழு விசாரணை அதிகாரம் தருவதும், அடுக்ககவாசிகளுக்கு உள்ள 75 சதவீத ரத்து உரிமையைத் தனி வீட்டுக்காரர்களுக்கும் நீட்டுவதும் புளோரிடா சட்டமன்றம் செய்ய வேண்டிய அடுத்த இரண்டு திருத்தங்கள்.